நிற்கத் தெரிந்த கால்கள்

சாலை ஓட்டப் போட்டிகள் நம் ஊர்களில் பெருகிவிட்டன. விடுதலை நாளுக்கு ஓர் ஓட்டம், போதை ஒழிப்புக்கு ஓர் ஓட்டம், பள்ளியின் பொன்விழாவுக்கு ஓர் ஓட்டம். மலையடிவார ஊர்களிலோ, சமவெளியில் ஓடினால் போதாது, மலைச்சாலையில் ஏறி இறங்கினால்தான் ஓட்டம் என்னும் ஆர்வமும் இளைஞரிடையே வளர்ந்து வருகிறது. இதனைக் குறை கூற ஒன்றுமில்லை. ஓடியாடும் சமுதாயம் நலமான சமுதாயம். ஆயினும், போட்டிகள் பெருகப் பெருக அவற்றோடு ஒரு பொய்யும் பெருகி வருகிறது. முழங்காலில் காயம் பட்டும் நொண்டிக்கொண்டே எல்லைக்கோட்டைத் தொட்டவனே உண்மையான வீரன். வலிக்கிறது என்று வழியில் நின்றவன் நெஞ்சுரம் இல்லாதவன் என்பதே அந்தப் பொய். மேடையில் பேசுவோர் அதைச் சொல்கின்றனர். பயிற்சியாளர் அதைச் சொல்கின்றனர். பெற்றோரும் அதையே வழிமொழிகின்றனர். சொல்லுகிற எவருடைய முழங்காலும் அன்று தேய்வதில்லை என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை.

எதிர்த்தரப்பாரின் வலுவான சான்றிலிருந்தே தொடங்குவோம். 1968 அக்டோபர் 20. மெக்சிகோ நகரில் ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம் அது. தான்சானியா நாட்டின் ஜான் ஸ்டீபன் அக்வாரி, அந்த உயரத்து மெல்லிய காற்றில் ஓடிப் பழகாதவர். பாதி வழிக்குச் சற்று முன்னர் ஓட்டக்காரரிடையே ஏற்பட்ட நெருக்கடியில் இடிபட்டுக் கீழே விழுந்தார். முழங்கால் கிழிந்து மூட்டு பிசகியது; தோளிலும் அடி. கட்டுப் போட்டுக்கொண்டு மீண்டும் ஓடினார். எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே 2 மணி 20 நிமிடங்களில் வெற்றி பெற்று ஒரு மணி நேரத்துக்கும் மேலான பிறகு, இருள் சூழ்ந்த அரங்கினுள் அக்வாரி நொண்டியபடி நுழைந்தார். எஞ்சியிருந்த சிலர் எழுந்து நின்று கைதட்டினர். ஓடி முடித்த 57 பேரில் அவரே கடைசி. பந்தயத்தைத் தொடங்குவதற்காக மட்டுமன்றி, முடிப்பதற்காகவும் தம் நாடு தம்மை அனுப்பியது என்னும் பொருள்பட அவர் கூறிய மறுமொழி உலகெங்கும் பரவியது.

இந்நிகழ்ச்சியைக் கேட்டு நெஞ்சம் நெகிழாதார் இலர். நெகிழ்வதில் தவறும் இல்லை. ஆனால் அதே நாளில், அதே சாலையில் நடந்த மற்றொன்றை நம் மேடைகள் ஏன் சொல்வதில்லை? அன்று ஓடத் தொடங்கியவர் 75 பேர். முடிக்காமல் நின்றவர் 18 பேர். அவ்வாறு நின்றவர்களுள் ஒருவர் அபெபே பிக்கிலா. 1960இல் உரோமையில் வெறுங்காலோடு ஓடி வென்றவர். 1964இல் டோக்கியோவில் மீண்டும் வென்றவர். ஒலிம்பிக் மாரத்தானில் அடுத்தடுத்து இருமுறை தங்கம் பெற்ற முதல் மனிதர். மெக்சிகோவில் அவருக்குத் தரப்பட்ட எண்ணே ஒன்று. இடக்காலின் எலும்பில் விரிசலோடு களம் இறங்கிய அவர், பாதி வழிக்கு முன்பே ஓட்டத்தை நிறுத்திக்கொண்டார். பிக்கிலாவைக் கோழை என்று சொல்ல எவருக்கு நா எழும்?

ஒரே பந்தயம், காயம்பட்ட இருவர், ஒருவர் ஓடினார், மற்றவர் நின்றார். இருவருமே தம் உடலைத் தாமே அறிந்து தாமே முடிவெடுத்தவர்கள். நாமோ ஒருவரைச் சுவரொட்டியில் ஏற்றிவிட்டு மற்றவரின் முடிவை மறந்துவிட்டோம். அக்வாரிக்கு நல்லூழ் இருந்தது. 1970இல் எடின்பரோ நகரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டின் மாரத்தானில் ஐந்தாவதாக வந்தார். கிணற்றில் விழுந்த ஒருவர் பிழைத்துக்கொண்டார் என்பதற்காகக் கிணற்றில் குதிப்பதைப் பிள்ளைகளுக்குப் பாடமாக வைப்போமா?

இனி நம் மலைக்கு வருவோம். போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே செல்லும் கொச்சி-தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை, முந்தல் வரை அடிவாரத்தை ஒட்டிச் சென்று, பின்னர் 17 கொண்டை ஊசி வளைவுகளாக மடிந்து மடிந்து போடிமெட்டுக்கு ஏறுகிறது. ஊரிலிருந்து மெட்டு வரை 25 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவு. அதற்குள் ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஏற்றம். மலையோட்டம் என்றதும் எல்லாரும் அஞ்சுவது இந்த ஏற்றத்துக்குத்தான். மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், கால் கனக்கும். ஆனால் முழங்காலைப் பதம் பார்ப்பது பெரும்பாலும் ஏற்றமன்று, இறக்கமே.

ஏறும்போது தொடைத்தசை சுருங்கி உடலை உந்துகிறது. இறங்கும்போதோ, அதே தசை நீண்டுகொண்டே இறுகி, கீழ்நோக்கி விரையும் உடலைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. ஒவ்வோர் அடியிலும் அந்தப் பிடியின் பாரம் முழங்காற்சில்லின் வழியே மூட்டில் இறங்குகிறது. 2005இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த காட்சால், கிராம் என்னும் ஆய்வாளர் இருவர் இதனை அளந்து வெளியிட்டனர். 9 பாகைச் சரிவில் கீழ்நோக்கி ஓடும்போது, பாதம் தரையில் மோதும் விசை சமதரை ஓட்டத்தைவிட 54 விழுக்காடு கூடுகிறது. வேகத்தைத் தடுக்கும் விசை 73 விழுக்காடு கூடுகிறது. அதே சரிவில் மேல்நோக்கி ஓடும்போது அந்த மோதல் விசையின் உச்சம் காணப்படுவதே இல்லை. பேருந்து செல்லும் சாலை அவ்வளவு செங்குத்தானதன்று. எனினும் குரங்கணியிலிருந்து மேலே செல்லும் நடைபாதைகள் பல இடங்களில் அதற்குச் சளைத்தவையல்ல.

இம்மலைச்சாலையில் சரக்கு ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்களிடம் கேளுங்கள். ஏற்றத்தில் வண்டி முனகும், இறக்கத்தில்தான் கொல்லும் என்பார்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து, பிரேக்கை விட்டுவிட்டு மிதித்து இறங்குவார்கள். பிரேக் கருகும் வாடை வந்தால் அடுத்த வளைவிலேயே ஓரங்கட்டி, சூடு ஆறும்வரை காத்திருப்பார்கள். அவ்வாறு ஓரங்கட்டும் ஓட்டுநரைக் கோழை என்று எவரும் இகழ்வதில்லை. தொழில் தெரிந்தவர் என்றே மதிக்கிறோம். இரும்புக்குக் கொடுக்கும் இந்த மரியாதையை எலும்புக்குக் கொடுக்க மறுப்பது என்ன நியாயம்?

வலியே இல்லாமல் பயிற்சி உண்டா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் களைப்பு வேறு, காயம் வேறு. தசை வலிப்பது, மூச்சு முட்டுவது, மறுநாள் படியிறங்கச் சிரமப்படுவது ஆகியவை களைப்பின் குறிகள்; ஓய்வில் அவை தீரும்; உடல் முன்னினும் உறுதிபெறும். மூட்டு வீங்குவது, மடக்கிய கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொள்வது, அடியெடுத்து வைக்கும்போது முழங்கால் நழுவி விலகுவது, நொண்டாமல் ஓட இயலாமற்போவது ஆகியவை காயத்தின் குறிகள். மூட்டின் உள்ளே எலும்பை மூடியிருக்கும் குருத்தெலும்பில் நரம்பும் இல்லை, இரத்தக் குழாயும் இல்லை. ஆகையால் அது தேயும்போது தானாக அலறுவதில்லை. தேய்ந்தபின் எளிதில் வளர்வதும் இல்லை. வலி நம் காதுக்கு எட்டும்போது உள்ளே சேதம் முன்பே தொடங்கியிருக்கலாம்.

ஓட்டமே முழங்காலுக்கு ஆகாது என்று சொல்லிப் பிள்ளைகளை வீட்டில் அடைக்கும் பெற்றோருக்கும் இக்கட்டுரை துணை போகாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான கணக்கின்படி, இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுவோரில் 3.5 விழுக்காட்டினரிடமும், ஓடாமலே இருப்போரில் 10.2 விழுக்காட்டினரிடமும், கடும் போட்டிகளுக்காகவே ஓடுவோரில் 13.3 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. அளவோடு ஓடுவோர் நலமாய் இருக்கின்றனர். அசையாதிருப்போரும் அளவு மீறுவோரும் துன்புறுகின்றனர். அளவறிதல் என்பது நம் முன்னோர் எல்லாத் துறைக்கும் வகுத்த அறமன்றோ?

அளவை மறைப்பதற்கு இன்று ஒரு குறுக்குவழி கிடைத்திருக்கிறது. போட்டி நாளன்று காலையில் வலிமாத்திரை ஒன்றை விழுங்குவது; முழங்காலில் குளிர்மருந்தைப் பீய்ச்சிக்கொள்வது. செருமனியின் பான் நகரில் 2010இல் நடந்த மாரத்தானில் கலந்துகொண்டோரிடம் மருத்துவர்கள் விசாரித்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். மறுமொழி அளித்த ஏறத்தாழ நான்காயிரம் பேரில் பாதிப்பேர் ஓட்டத்துக்கு முன்பே வலிமாத்திரை எடுத்திருந்தனர். அவர்களிடையே வயிற்றுவலி, இரத்தக்கசிவு, நெஞ்சுத் துடிப்பு மாற்றம் முதலிய கேடுகள் மற்றவர்களைவிட ஐந்து மடங்கு. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர் ஒன்பது பேர். ஒன்பதின்மரும் மாத்திரை விழுங்கியவர்களே. அவர்களுள் மூவருக்குச் சிறுநீரகம் தற்காலிகமாகச் செயலிழந்தது. காவல்நாயின் வாயைக் கட்டிவிட்டுத் திருடன் இல்லை என்று உறங்குவது போன்றது, மாத்திரையால் வலியை அடக்கிவிட்டுக் காயம் இல்லை என்று ஓடுவது.

சமயப்பற்றுள்ள நம்மிடையே இதற்கு ஞானப்போர்வை போர்த்தும் பழக்கமும் உண்டு. திருத்தூதர் பவுல் ஓட்டப்பந்தயத்தை உவமையாகக் கையாண்டார் என்பதைப் பரிசளிப்பு விழாக்களில் தவறாது நினைவூட்டுகின்றனர். கொரிந்து நகருக்கு அருகே இஸ்மியா விளையாட்டுகள் நடந்துவந்த காலம் அது. அந்நகர மக்களுக்குத் தெரிந்த காட்சியை எடுத்து அவர் தன்னடக்கத்தையும் விடாமுயற்சியையும் விளக்கினார். உடைந்த மூட்டோடு ஓடுங்கள் என்று அவர் எங்கும் கற்பிக்கவில்லை. சிலுவை என்னும் சொல்லையும் மலிவாக்க வேண்டாம். பிறர்க்காக ஏற்கும் துன்பத்துக்கு உரிய பெயர் அது. பதக்கத்துக்காகத் தன் மூட்டைத் தானே சிதைப்பதற்கு அப்பெயர் பொருந்தாது. கல்வாரிப் பாதையிலேயே சிரேன் ஊர்ச் சீமோனின் தோள் தேவைப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்கலாகாதா?

பின் ஏன் இந்தப் பொய் வாழ்கிறது? பார்ப்பவருக்கு அது இன்பம் தருவதால் வாழ்கிறது. நொண்டி வருபவனைக் கண்டு கண்கலங்குவது நமக்குச் செலவில்லாத பக்தி. 2006 மே மாதத்தில் ஒடிசாவில் புதியா சிங் என்னும் நான்கு வயதுச் சிறுவனைப் பூரியிலிருந்து புவனேசுவரம் நோக்கி ஓடவைத்தனர். கோடை வெயிலில் ஏழு மணி நேரம், 65 கிலோமீட்டர். சாலையோரத்தில் கூட்டம் ஆரவாரித்தது. சாதனைப் பட்டியலில் பெயர் ஏறியது. பின்னர் அரசு தலையிட்டு அவனது நெடுந்தொலைவு ஓட்டத்தைத் தடுத்தபோது, தடுத்தவர்களையே பலர் ஏசினர். பிள்ளையின் மூட்டுக்காகப் பேசியவர் பகைவர், கைதட்டியவர் நண்பர்! புகழ்ச்சி பார்ப்பவருடையது, தேய்மானம் ஓடுபவருடையது என்னும் கணக்கு இதைவிடத் தெளிவாக எங்கே விளங்கும்?

இதே கணக்கு நம் ஏலமலைச் சரிவுகளில் நாள்தோறும் ஓசையின்றி நடந்து வருகிறது. ஏலக்காய் கிளையில் தொங்குவதில்லை. செடியின் தூரிலிருந்து தரையோடு படர்ந்து செல்லும் சரங்களில் காய்க்கிறது. குனிந்தோ குந்தியோ முழங்காலிட்டோதான் அதைப் பறிக்க முடியும். போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி எல்லைக்கு அப்பாலுள்ள தோட்டங்களுக்குச் செல்லும் பெண்கள், ஈரச்சரிவில் மணிக்கணக்காகக் குந்திக் காயெடுத்து, மாலையில் அதே மலைச்சாலையில் இறங்கி வீடு வந்து அடுப்பு மூட்டுகின்றனர். அவர்களுக்கு எல்லைக்கோடு இல்லை; பதக்கம் இல்லை; கைதட்ட ஆளில்லை. முழங்கால் வலிக்கிறது என்றால், வயதாகிவிட்டது என்றோ வேலைக்குச் சுணங்குகிறாள் என்றோ பேச்சு வருகிறது. பிரிட்டனில் 2009 முதல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் முழங்கால் தேய்மானம் தொழில்நோயாக ஏற்கப்பட்டு, பின்னர் தரைவிரிப்பு பதிப்போருக்கும் அது விரிவாக்கப்பட்டது. நம் நாட்டு இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் முழங்காலுக்கு இடமில்லை.

ஓட்டத்தைப் பற்றிய கட்டுரையில் தோட்டத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்களானால், மறுமொழி இதுதான்: வலியை மறைக்கும்படி மகனுக்குக் கற்பிக்கும் வாய்தான், வலியைச் சொல்லும் தாயை நம்ப மறுக்கிறது. முழங்கால் பேசுவதைக் கேட்கப் பழகாத ஊரில் எந்த முழங்காலும் காப்பாற்றப்படுவதில்லை.

நிற்க முடியாத நிலையில் ஓடுகிற இளைஞர்களையும் மறந்துவிடலாகாது. காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடங்களில் ஓடி முடிக்க வேண்டும். அந்த ஏழு நிமிடங்களில் ஒரு குடும்பத்தின் கடனும் தங்கையின் திருமணமும் அடங்கியிருக்கின்றன. வறுமை பின்னால் துரத்தும்போது முழங்கால் வீங்கினாலும் அவன் மறைப்பான். பழைய காலணியோடு தார்ச்சாலையில் ஓடுவான். அவனிடம் போய் நெஞ்சுரம் பற்றிச் சொற்பொழிவாற்றுவது கொடுமை. அவனிடம் நெஞ்சுரம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. இல்லாதவை, நல்ல காலணியும், மண்தளமும், மூட்டைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும் ஒரு மருத்துவரும், ஆறு வாரம் ஓய்வெடுத்தால் உலகம் முடிந்துவிடாது என்று சொல்லும் ஓர் ஆசிரியருமே.

குறை கூறுவதோடு நின்றுவிட்டால் இதுவும் வெறும் மேடைப்பேச்சாகிவிடும். போட்டி நடத்துவோரிடம் சிலவற்றைக் கேட்போம். மலைச்சாலையில் ஓட்டம் நடத்துவதாயின், உச்சியில் முடியுமாறு நடத்துங்கள். இறக்கத்தை வண்டிகள் பார்த்துக்கொள்ளட்டும். வழிநெடுக ஒவ்வொரு நிறுத்தத்திலும் மருத்துவ உதவியாளர் ஒருவரை அமர்த்துங்கள். ஓட்டக்காரர் தொடரலாகாது என்று அதிகாரபூர்வ மருத்துவக் குழுவினர் ஆணையிட்டால் அவர் உடனே விலகிவிட வேண்டும் என்பது உலகத் தடகள அமைப்பின் விதியிலேயே இருக்கிறது. ஒலிம்பிக்கில் ஓடுவோரைக் கட்டுப்படுத்தும் விதி, ஊர்ப்போட்டியில் ஓடும் பள்ளி மாணவனுக்கு ஏன் கிடைக்கக் கூடாது? நின்றவர்களை ஏற்றிவரும் வண்டியைப் பின்வாசல் வழியே கொண்டுவராதீர்கள். அவர்களும் முன்வாசலில் இறங்கட்டும். காயத்தோடு ஓடி முடித்ததற்கென்று தனிப்பரிசு வழங்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால் அதை இந்த ஆண்டோடு விட்டுவிடுங்கள்.

பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கேட்பது ஒன்றே ஒன்று. கால் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், முதலில் நம்புங்கள். பொய்யாக இருந்தால் ஒரு பந்தயம் போகும். மெய்யாக இருந்து நாம் நம்பாமற்போனால் அவன் முதுமைவரை படியேறும் ஒவ்வொரு முறையும் அதற்கு விலை கொடுப்பான். பதினேழு வயதில் வெல்லும் கோப்பை அலமாரியில் கறுத்துப்போகும். அந்த முழங்கால்தான் அவன் குழந்தையைத் தோளில் சுமக்க வேண்டும். சரிவில் வேலைக்கு ஏற வேண்டும். ஆலயத்தில் மண்டியிட வேண்டும்.

ஓடத் தொடங்கும் உரிமையைப் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியோடு கொடுத்திருக்கிறோம். நிற்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுப்போம். காயம் கண்ட இடத்தில், எவருடைய இகழ்ச்சிக்கும் அஞ்சாமல், கூட்டம் பார்க்க ஓரமாய் உட்காருகிறவனுக்கும் துணிவு வேண்டியிருக்கிறது. அந்தத் துணிவுக்கும் நாம் கைதட்டக் கற்றுக்கொள்ளும் நாளில்தான் நம் சாலை ஓட்டங்கள் உடல்நலத்துக்கான ஓட்டங்கள் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி பெறும்.